செமஸ்டரைக் குறைக்குமுன் திங்கட்கிழமைகளை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவு தாமதமானாலும் சேர்க்கை தள்ளிப்போனாலும் பல்கலைக்கழகங்களில் முதலில் கைவைக்கப்படுவது செமஸ்டரின் நீளத்தில்தான். '15 வாரத்தை 12 ஆக்கிவிடலாம், பாடத்திட்டம் அப்படியே இருக்கட்டும்' என்று ஒரு சுற்றறிக்கையில் வேலை முடிந்துவிடுகிறது. ஆண்டை நேர்செய்ய வேண்டிய நெருக்கடி உண்மையானதே. ஆனால் வாரக் கணக்கை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு வகுப்பறைக்குள் வரும்போது என்னவாகிறது என்பதைக் கல்விக் குழு உறுப்பினர்களும் பெற்றோரும் அறிய வேண்டும்.

வாரம் 4 மணி நேரம் நடக்கும் ஒரு தாளுக்கு 15 வாரத்தில் 60 மணி கிடைக்கிறது. அதே 60 மணியை 12 வாரத்தில் முடிக்க, வாரம் 5 மணி வேண்டும். ஐந்து தாள் படிக்கும் மாணவருக்கு வார வகுப்பு 20 மணியிலிருந்து 25 மணியாகிறது. பாடவேளையை நீட்டிச் சமாளிக்கலாம் என்றால், 50 நிமிட வகுப்பு 62½ நிமிடமாக வேண்டும். நாளுக்கு 6 பாடவேளை என்றால் தினமும் ஒன்றேகால் மணி நேரம் கூடும். வகுப்பறையும் ஆய்வகமும் ஷிப்ட் முறையில் ஓடும் கல்லூரியில் அந்த ஒன்றேகால் மணிக்கு இடமே இருக்காது. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி சொந்தப் படிப்பு என்ற பொதுவான கணக்கையும் சேர்த்தால், மாணவரின் வாரச் சுமை 60 மணியிலிருந்து 75 மணியாக ஏறுகிறது. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணும் ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி, ஆண்டுக்கு 60 கிரெடிட் என்று கணக்கிடுவது இந்த மொத்த உழைப்பைத்தான். வகுப்பு மணியை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பாடம் குறையவில்லை என்று சொல்வது பாதிக் கணக்கு.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 180 வேலைநாள், அதாவது வாரம் 6 நாள் வீதம் 30 வாரம் உண்மையான கற்பித்தல் என்று சொன்னது. வாரம் 5 நாள் என்றால் அதற்கேற்ப வாரங்களைக் கூட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. 12 வார செமஸ்டர் இரண்டு என்றால் 24 வாரம். விடுமுறையே இல்லாமல் ஆறு நாளும் நடத்தினாலும் 144 நாள்தான் தேறும்.

சராசரிக் கணக்கில் தெரியாத சேதம் கிழமைகளில் இருக்கிறது. விடுமுறைகள் எல்லாக் கிழமைகளிலும் சமமாக விழுவதில்லை. ஒரு செமஸ்டரில் மூன்று திங்கட்கிழமை போய்விட்டால், திங்களன்று மட்டும் நடக்கும் செய்முறை வகுப்புக்கு 15 வார அட்டவணையில் 12 கிடைக்கும். 12 வார அட்டவணையில் 9தான். 60 பேர் வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்து வாரம் விட்டு வாரம் ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஒரு பேட்ச்சுக்கு நாலரை முறை! பாடத்திட்டத்தில் பத்துச் சோதனைகள் இருக்கும். மீதி எங்கே போகிறது? ஆசிரியர் செய்துகாட்டுவார், மாணவர் அளவீடுகளைப் பார்த்தெழுதி ரெக்கார்டு நோட்டை நிரப்புவார். கருவியைத் தொடாமலேயே செய்முறைத் தேர்வுக்கு வந்து நிற்பார். விதை முளைக்கவும் நுண்ணுயிர் வளரவும் பிடிக்கும் நாள்களைச் சுற்றறிக்கையால் குறைக்க முடியாது என்பதால் உயிரியல் துறைகளில் அடி இன்னும் பலமாக விழுகிறது.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று டே ஆர்டர் முறை. கிழமையை விட்டுவிட்டு முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வரை சுழற்றினால் விடுமுறை எந்தத் தாளையும் தனியாகத் தாக்காது. ஆனால் குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வரும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இது ஒத்துவராது. ஒரே ஆய்வகத்தைப் பகிரும் இரு துறைகளில் ஒன்று கிழமைப்படியும் மற்றொன்று டே ஆர்டர்படியும் போனால் மோதல் வரும். இன்னொன்று, கிழமை முறையை வைத்துக்கொண்டே 'இந்தப் புதன்கிழமை திங்கட்கிழமை அட்டவணைப்படி நடக்கும்' என்று அறிவிப்பது. அதை செமஸ்டர் தொடங்குமுன் நாள்காட்டியில் அச்சிட வேண்டும். முந்தின நாள் மாலை அறிவித்தால் பாதிப் பேர் தவறான நோட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அக மதிப்பீட்டுத் தேர்வுகளும் இதே போலத்தான். மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு, வகுப்புக்கு 60 வீதம் 180 விடைத்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 30 மணி நேரம். வழக்கமான வகுப்புகளுக்கு நடுவே இதை முடிக்க இரண்டு வாரம் ஆகும். 15 வாரத்தில் முதல் தேர்வை 5ஆம் வாரம் வைத்தால் 7ஆம் வாரம் தாள் கைக்கு வரும், 10ஆம் வார இரண்டாம் தேர்வுக்கு முன் தவறைத் திருத்திக்கொள்ள மூன்று வாரம் இருக்கும். 12 வாரத்தில் தேர்வுகள் 4ஆம், 7ஆம் வாரங்களுக்கு நெருங்கிவிடுகின்றன. முதல் தாள் கைக்கு வரும்போது அடுத்த தேர்வு அடுத்த வாரம். அதற்குப் பிறகு அந்தத் தேர்வு மதிப்பெண் சேர்க்கும் சடங்குதான்.

இரண்டு செமஸ்டருக்குப் பதிலாக ஆண்டுக்கு மூன்று பருவம் என்ற முறையைப் பரிந்துரைப்பவர்கள் தேர்வு நாள்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தேர்வுக்காலம் மூன்று வாரம் என்றால் இரண்டு பருவத்துக்கு 6 வாரம், மூன்று பருவத்துக்கு 9 வாரம். கற்பிக்கும் வாரங்கள் 30 ஆகவே இருந்தாலும் ஆண்டில் 36 வாரம் போன இடத்தில் 39 வாரம் போகிறது. கூடுதல் மூன்று வாரமும் உள்ளகப் பயிற்சிக்கான நீண்ட விடுமுறையிலிருந்தே பிடுங்கப்படும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல், வழக்கமான கல்வியாண்டில் மூன்று பருவம் வரும் காலாண்டு முறையை விட்டு செமஸ்டருக்கு வந்தது. அத்தகைய மாற்றத்தில் 3 காலாண்டுக் கிரெடிட் 2 செமஸ்டர் கிரெடிட்டாகக் கணக்கிடப்படும். பழைய முறையில் பாதி படித்த மாணவரின் கணக்கில் 2⅔, 1⅓ என்று பின்னங்கள் வந்து நிற்கும். அவற்றை எப்படி முழுமையாக்குவது என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், கடைசி ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கிரெடிட் போதாமல் பட்டம் நின்றுபோகும்.

அரியர் வைத்திருக்கும் மாணவருக்கு இன்னொரு சிக்கல். விடுமுறையைச் சுருக்கினால் முந்தின செமஸ்டரின் முடிவு வருமுன்னே அடுத்தது தொடங்கிவிடும். முடிவு, மறுமதிப்பீடு, அரியர் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் ஆகிய மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும். அவசரத்தில் பணம் கட்டும் நாள் மறுமதிப்பீட்டு முடிவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. தேறியிருக்கக்கூடிய தாளுக்கும் மாணவர் பணம் கட்டுகிறார்.

நாள்காட்டி தயாரிப்பவர்கள் தொடக்க நாளிலிருந்து முன்னோக்கிப் போகாமல், முடிவு வெளியாக வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். திருத்தும் பணி, தேர்வு, படிப்பு விடுமுறை, எதிர்பாராத விடுமுறைக்கு ஒதுக்கும் நாள்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கற்பிக்கும் காலம். அதில் ஒவ்வொரு கிழமையும் எத்தனை முறை வருகிறது என்று தனித்தனியாக எண்ணி, அந்த அட்டவணையை வரைவு நாள்காட்டியோடு சேர்த்து வெளியிடட்டும். 12 வாரம் தவிர வேறு வழியில்லை என்றால், எந்தத் தாளில் எந்த அலகு நீக்கப்படுகிறது என்பதைப் பாடத்திட்டக் குழு எழுத்தில் தர வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்கள் பழைய முறையிலேயே படிப்பை முடிக்க விட வேண்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகக் கால அட்டவணைப் பணியில் உள்ள ஆசிரியர்கள்