கண்மூலையில் தழும்பு எங்கே விழும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கண்ணின் உள்மூலையைத் திறந்துவிடும் அழகு ஆபரேஷன் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். செலவு, கொரிய நடிகைகள், எத்தனை நாள் லீவு எல்லாம் இருந்தது, எப்படி வெட்டுவார்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் பண்ணி, "சின்னத் தையல்தானாம்லா பெரியம்மா?" என்கிறாள். கண் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

சிலருக்கு மூக்கோரம் மேலிமைத் தோல் மடிந்து கண்முனையை மூடியிருக்கும், அதை விலக்குவதுதான் வேலை. அந்தக் காலத்தில் மடிப்பைப் பிறைபோல் வெட்டி நேராகத் தைத்தார்கள். நேர்கோட்டுத் தழும்பு ஆறும்போது சுருங்கும், மடிப்பு திரும்ப வந்துவிடும். அப்புறம் இசட் முறை: இரண்டு முக்கோணத் தோலை இடம் மாற்றித் தைப்பது. 60 டிகிரியில் வெட்டினால் கணக்குப்படி தோல் 75 சதவீதம் நீளும், இழுப்பு விட்டுப்போகும். ஆனால் இசட் வடிவத் தழும்பின் ஒரு கோடு மூக்குப் பக்கத்துத் தடித்த தோலில் விழுகிறது, அங்கேதான் சிவந்து தடிக்கும், மாதக்கணக்கில் தெரியும்.

என்னைக் கேட்டால், தோலை விரித்து மூடும் முறையே தேவலை. கீழ் இமைமுடியை ஒட்டிக் கீறி, தோலைக் கிளப்பி, அடியில் பிடித்து இழுக்கும் தசைநாரை விடுவித்து, மறுபடி படியவைப்பார்கள். தழும்பு பெரும்பாலும் முடியோரம் ஒளிந்துகொள்ளும். முஸ்டார்டே என்ற ஸ்காட்லாந்து டாக்டரின் நாலு மடல் முறையும் உண்டு, நாலு தோல் துண்டுகளை இடம் மாற்றித் தைப்பது. அது பிறவியிலேயே கண் குறுகிப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது, அழகுக்காக அத்தனை தழும்பை யார் வாங்குவார்?

எந்த முறையானாலும் அளவு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் கண்முனையில் இருக்கும் ரோஸ் நிறச் சதை முழுக்க வெளியே தெரியும், பார்வையே முறைப்பது போலாகிவிடும், அதைத் திரும்ப மூடுவது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம். கண்ணீர் வடியும் சின்னக் குழாயும் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது.

சரி, பிள்ளையைப் பாளையங்கோட்டைக்கு வரச்சொல்லி வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். அவளுக்கு அந்த மடிப்பே இல்லை! இல்லாததை எந்த டாக்டர் வெட்டுவார்?

அடுத்த தடவை இதைப் பற்றி எழுதினால் எந்த முறை, தழும்பு எங்கே என்று ஒரு கோட்டுப் படம் போடுங்கள். கூடவே ஆறு மாதம் கழித்து எடுத்த போட்டோ, பவுடர் பூசாமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
பாளையங்கோட்டை