எண்ணிப் பார்த்த ஆசானுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. அந்த ராத்திரி என்னைக் காரில் தூக்கிப் போட்டு களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே உங்களில் நான்கு பேர்தான். 1.2-ல் நின்ற கிரியாட்டினின் (கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 2.9 வரை போய், இப்போது 1.5-க்கு இறங்கியிருக்கிறது. என் உடம்பு தள்ளிவிடப் பார்த்த அக்காவின் கிட்னி இன்னும் எனக்குள் வேலை செய்கிறது. அது போதும்.

பார்க்க வந்து வாசலோடு திரும்பியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசி ஏறிய உடம்பு இது. உங்களுக்கு ரெண்டு நாள் ஜலதோஷம் என்றால் எனக்கு மறுபடி ஒரு அட்மிஷன்.

கார் தந்தவர், பெட்ரோலுக்குக் காசு வாங்க மறுத்தவர், ஒன்பது நாளும் என் பிள்ளைகளைச் சாப்பிட வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய எதிர்வீட்டு மயினி, கூலி பிடிக்காத நர்சரி முதலாளி, கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் எனக்காகக் கேட்டவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போனை எடுத்த டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் சிஸ்டர், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் விட்டுப்போனால் மன்னியுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆசைதான், கை இன்னும் நடுங்குகிறது.

இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக. நம்ம ஊர் நாட்டு வைத்தியர் ஆசானுக்காக.

அவரிடம் நான் போனதே உங்களுக்குத் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை. மாதம் பத்தொன்பதாம் தேதி, சாயங்காலம். ஒரு வாரமாக உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலி, காலில் செருப்பு இறுகியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி, டெஸ்ட் என்று இழுத்துவிடும், ஆசானிடம் ஒரு கஷாயமும் தடவத் தைலமும் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். நம்ம பக்கத்தில் வர்மாணி வைத்தியத்தில், அதாவது வர்மமும் எலும்பும் பார்க்கும் நாட்டு வைத்தியத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த நினைப்புத்தான் முதலில் வரும். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த என் தோளைத் தட்டிச் சரிபண்ணியவர் அவர்.

நாடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து என் முழங்காலுக்குக் கீழே எலும்புமேல் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. ரெண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாத்திரை கொண்டுவந்திருக்கியா மக்கா?"

பையில்தான் இருந்தது. பிஸ்கட் டப்பாவோடு எடுத்துக் கொடுத்தேன். ஏதோ படித்துப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாற்றி வைத்த கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்க நான் போடும் டாக்ரோலிமஸ் அட்டைகளை மடியில் பரப்பி எண்ணத் தொடங்கினார்.

"எப்ப வாங்கினது?"

"ஒண்ணாம் தேதி. அறுபது."

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இன்னைக்கு ராத்திரிக்குள்ளது இனிமேத்தான். அப்போ இருபத்திமூணு இருக்கணும். முப்பத்திநாலு இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினொன்று கூடுதல். ஆபரேஷன் முடிந்த பதினான்கு மாதத்தில் எந்த டாக்டரும் பிடிக்காததை, இங்கிலீஷ் மருந்தே கொடுக்காத மனிதர் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார். டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. ரத்தத்தில் மருந்து லெவல் பார்க்கப் போகும் முன்பு நான்கைந்து நாள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் போவேன். ரிப்போர்ட் சரியாக வரும். இதைவிட முட்டாள்தனமான கெட்டிக்காரத்தனம் உண்டா?

ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். காசில்லாமல் இல்லை. அந்த மாத்திரை போட்டால் எனக்குக் கை நடுங்கும். ரப்பர் கன்றில் ஒட்டுவைக்கிறவனுக்குக் கைதான் சோறு. தாய்க்கம்பிலிருந்து மொட்டுக்கண்ணை உரித்தெடுக்கும்போது கத்தி ஒரு நூல் பிசகினால் பட்டை கிழிந்துவிடும். காலையில் கை நிற்கவேண்டும் என்று முந்தின ராத்திரி மாத்திரையை விட்டேன். முதலில் வாரத்தில் ஒருநாள், அப்புறம் ஒன்றுவிட்டு ஒருநாள், அந்த மாதம் அதற்கும் மேல். மனசுக்குச் சமாதானமும் தொழிலிலிருந்தே கிடைத்தது. ஒட்டுக்கட்டி மூன்று வாரம் கழித்து பாலித்தீன் கட்டை அறுத்துப் பார்ப்போம். கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, இனிக் கட்டு வேண்டாம். அக்கா கிட்னியும் பதினான்கு மாதமாகப் பச்சையாகத்தானே இருக்கிறது?

இதை அப்படியே ஆசானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கன்னுக்குக் கட்டு அவிழ்க்கலாம் மக்கா. மனுஷனுக்கு அவிழ்க்கப்பிடாது. உன் உடம்புக்கு அது இன்னும் வேத்தாளுதான். காவல்காரனைத் தூங்க வெச்சிருக்காங்க, அதனால இருக்கு. நான் தர்ற கஷாயம் காவல்காரனை எழுப்புற மருந்து. உனக்கு நான் ஒரு பொட்டு தரமாட்டேன்."

வைத்த இருநூறு ரூபாயைத் திருப்பி என் சட்டைப்பையில் செருகினார். "ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்ணு. என் முன்னால பண்ணு." சிஸ்டர் எடுத்து, கால் வீக்கம் என்றதுமே கிளம்பி வரச் சொன்னார். "எத்தனை வேளை விட்டேன்னும் சொல்லு" என்று பக்கத்திலிருந்து ஆசான் அதட்டினார். சொன்னேன். பேரனை எழுப்பி பைக்கில் என்னை வீட்டில் கொண்டுவிடச் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத வைத்தியத்தில் கை வைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தால் நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இன்னும் ரெண்டு வாரம் கடத்தியிருப்பேன். 2017-ல் ஒக்கி புயல் அடித்த மறுநாள் பார்த்தோமே, இலை பச்சை மாறாமல் வேரோடு சாய்ந்து கிடந்த ரப்பர் மரங்களை, அந்தக் கதைதான்.

பயாப்ஸி முடிந்து டாக்டர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "நடுக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைப் பார்த்திருப்போமே?" அது இந்த மருந்தில் வரக்கூடியதுதானாம். நான் கேட்கவே இல்லை.

அக்கா, இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். தோவாளையில் பூக்கட்டிக்கொண்டு, தழும்பு இழுக்கிறது என்று ஒருநாளும் வாய்திறந்து சொல்லாதவள் நீ. நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

காலை எட்டு, ராத்திரி எட்டு. போனில் மணி அடிக்கும். கல்யாணப் பந்தியிலும் அடிக்கும், துஷ்டி வீட்டிலும் அடிக்கும், சங்கடப்படாதீர்கள். மறந்து ஒரு வேளை போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக விழுங்கக் கூடாது, சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். லெவல் டெஸ்ட் அன்று ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்பே போட்டால் வருகிற நம்பர் எதற்கும் ஆகாது. கடையில் இந்தக் கம்பெனி இல்லை, அதே மருந்துதான் வேறு கம்பெனியில் இருக்கிறது என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்கமாட்டேன். மேல்வலி என்று நான் கேட்டாலும் பக்கத்துக் கடையில் வலிமாத்திரை வாங்கித் தராதீர்கள், பலதும் கிட்னியைத்தான் அடிக்கும். சளிக்கு யாராவது மருந்து எழுதினால், நான் இன்ன மாத்திரை போடுகிறவன் என்று முதலில் சொல்லிவிடுவேன். சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும், சில காசநோய் மருந்தும் வலிப்பு மருந்தும் இறக்கிவிடும்.

மாமி தோட்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய பம்பளிமாஸைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். எனக்கு அது ஆகாது, மருந்து அளவை ஏற்றிவிடும். மாமிக்கு வருத்தம் வேண்டாம், மட்டிப்பழம் அனுப்பலாம்.

அந்த மட்டிப்பழத்தில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு, நேற்று ஆசானைப் பார்க்கப் போனேன். ஏழாம் தேதி, சாயங்காலம். திண்ணைக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார், உள்ளே காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு மீதியை அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டினார்.

"டப்பாவைக் கொண்டா."

இப்போது வேளைக்கு இரண்டு. ஒன்றாம் தேதி நூற்றிருபது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார், நடுவில் ஒருமுறை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார்.

"தொண்ணூத்திநாலு" என்றார். "சரி. அடுத்த மாசமும் கொண்டா."