மகனே, அந்த உறையைத் திற

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். வாடை தொடங்கிவிட்டது, மழை விடாமல் பெய்து பின்வளவில் தண்ணீர் நிற்கிறது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான், ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்று நிற்கிறார்.

நீ ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. இரவு வேலை, குளிர், எல்லாம் தெரியும். ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் மச்சாள் வீட்டு விலாசத்துக்கு உன் பெயரில் ஒரு நீதிமன்ற உறை வந்து கிடக்கிறதாம். அவள் கோள் சொல்லவில்லை, அத்தையோடு கதைக்கும்போது வாய்தவறி வந்தது. நீ வந்து எடுக்கவும் இல்லை, திறந்து வாசிக்கச் சொல்லவும் இல்லையாம். பழைய வீட்டு வாடகை விஷயம்தானே?

நான் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவன். அழைப்பாணை கொடுக்க உப்புவெளி, நிலாவெளி, உவர்மலை என்று சைக்கிளில் திரிந்த ஆள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பா வீட்டில் இல்லை என்று பிள்ளையைவிட்டுச் சொல்லவைத்த எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன், அதனால் ஒருவருடைய வழக்கும் நின்றதில்லை. எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு, அதற்குப் பிறகு கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்றும் எழுத்தாணை, அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் முற்றத்தில் நிற்போம். படுக்கை, உடுதுணி, தொழில் செய்யும் ஆயுதம் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்றதெல்லாம் வெளியே வரும். இங்கே தீர்ப்பு நடந்து 10 வருடம் போனால் எழுத்தாணை கேட்க முடியாது. உங்கள் ஒன்ராறியோவில் நீதிமன்றத் தீர்ப்பை வசூலிக்க அப்படிக் காலக்கெடுவே இல்லை. அங்கே சட்டம் தெரிந்த ஒருவரிடம், யாருக்கென்று சொல்லாமல் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ வீட்டை விட்டுப் போனாலும் 1 வருடத்துக்குள் வீட்டுக்காரர், வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் ஒன்ராறியோ வாடகைச் சபைக்குப் போகலாம், 2021 செப்டெம்பரில் இருந்து அப்படி. அங்கே எடுத்த உத்தரவைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் வசூலிக்கும் வழியெல்லாம் அவருக்குத் திறந்துவிடும். உன் முதலாளிக்கு அறிவித்தல் போகும், கழிவுகள் போக உன் கைக்கு வரும் சம்பளத்தில் 20 வீதத்தைப் பிடித்து அவர்கள் கட்டவேண்டும். வங்கிக்கு அறிவித்தல் போனால் அந்த 20 வீத வரம்பும் இல்லை. வருமானம் என்ன, சொத்து என்ன என்று விசாரிக்கக் கூப்பிடுவார்கள். கடனுக்காக மறியலில், அதாவது சிறையில், போடமாட்டார்கள், ஆனால் அந்த விசாரணைக்குப் போகாமல் விட்டால் நீதிமன்றத்தை அவமதித்ததாகிவிடும், அதற்கு மறியல் உண்டு. உன் சம்பளம் பிடிபடுவதை விட, வேலை செய்யும் இடத்தில் நாலு பேருக்கு முன்னால் நீ தலை குனிவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே உறையைத் திற. முதலில் திகதியைப் பார். சபையின் உத்தரவு என்றால் மீளாய்வு கேட்கக் கொஞ்ச நாள்தான் இருக்கும். சிறு கோரிக்கை வழக்கு என்றால் பதில் போட 20 நாள். தொகை சரியா என்று பார், வீட்டுக்குள் போகும்போது முன்பணமாகக் கட்டிய கடைசி மாத வாடகையைக் கழித்திருக்கிறாரா என்று பார், கட்டிய மாதங்களுக்கு வங்கிச் சிட்டையை எடு. கட்டவேண்டிய காசுதான் என்றால் மாதாமாதம் கட்டுகிறேன் என்று நீதிமன்றத்தைக் கேள். தவணை தந்தால், அதைத் தவறாமல் கட்டும்வரை சம்பளத்தில் கைவைக்க முடியாது, தவறினால் அந்த ஒழுங்கு முறிந்துவிடலாம். வழக்காடும் திகதி போய்விட்டது என்று சொல்லிச் சும்மா இருக்காதே, தவணை கேட்கும் வழி அப்போதும் இருக்கும். எதற்கும் முதலில் திற.

வீட்டுக்காரரைத் திட்டாதே. அவர் ஆள்வைத்து மிரட்டவில்லை, முறைப்படி நீதிமன்றம் போயிருக்கிறார், அவருக்கும் வங்கிக்கடன் இருக்கும்.

இன்னொன்று கேட்கவேண்டும், கேட்காமலும் இருக்க முடியவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு நீ ஒன்றன்பின் ஒன்றாகக் காசு அனுப்பினாயே, வாடகை நின்றது அந்த மாதங்களில்தானா? அப்படியென்றால் நீ ஓடி ஒளிய என்ன இருக்கிறது? மண்டபக்காசு, நகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நீதான் நின்றாய், ஊரே சொன்னது. அப்படிப்பட்ட பிள்ளை ஒரு கடதாசிக்குப் பயந்து மச்சாள் வீட்டுப் பக்கமே போகாமல் இருக்கிறான் என்றால் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. எங்களிடமாவது சொல்லியிருக்கலாம். கலியாணத்தைத் தள்ளி வைத்திருப்போம், சின்னதாகச் செய்திருப்போம்.

தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவுக்கும் சொல்லவில்லை. இந்த மாதமும் அடுத்த மாதமும் எங்களுக்குக் காசு போடாதே, என் ஓய்வூதியம் காணும். அதை வாடகைக் கடனுக்குக் கட்டு. மச்சாளிடம் போய் உறையை வாங்கி, முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. திகதியும் தொகையும் தெளிவாகத் தெரியவேண்டும். கதைக்க விருப்பமில்லை என்றால் கதைக்க வேண்டாம், படத்தை மட்டும் போடு.

அப்பா
திருகோணமலை