ஒரிஹிமேயை ஒரே ஒருமுறை முயன்று பார்க்க விடுங்கள்

'பிளீச்' கதையைப் படைத்த மதிப்பிற்குரிய டைட் குபோ அவர்களுக்கும், 'பிளீச்: ஆயிரம் ஆண்டு இரத்தப் போர்' அனிமே குழுவினருக்கும்,

வணக்கம்.

கோடை விடுமுறையில் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜப்பானிய அனிமே தொடரான பிளீச்சை முதல் எபிசோடிலிருந்து சேர்ந்து பார்க்க ஆரம்பித்தோம். எனக்கு இது மூன்றாவது முறை, அவளுக்கு முதல் முறை. அதில் வரும் பள்ளி மாணவி ஒரிஹிமேயை அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஃபேன்சி ஸ்டோர் ஃபேன்சி ஸ்டோராக ஏறி இறங்கி, ஒரிஹிமே குத்தியிருப்பது போல ஆறு இதழ் வைத்த நீல கிளிப் இரண்டு வாங்கி, காதோரம் இரு பக்கமும் குத்திக்கொண்டுதான் பார்க்க உட்காருவாள்.

வில்லன் ஐசென் ஒரிஹிமேயைப் பிடித்து வைத்திருக்கும் கோட்டையான லாஸ் நோச்செஸ் காட்சி வந்தது. ஐசென் தானே ஒரிஹிமேயை அழைத்துப்போய், உன்மேல் நம்பிக்கை வைக்கிறேன் என்று சொல்லி ஹோக்யோகு என்ற சக்திக் கல்லைக் காட்டுகிறான். அவள் அங்கே நின்று மனதுக்குள் ஒரு முடிவு எடுக்கிறாள்: இது உருவாவதற்கு முன்பிருந்த நிலைக்கே இதைத் திருப்பி, இல்லாமலே ஆக்கிவிட வேண்டும், அது தன்னால்தான் முடியும் என்று. அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சித்தி, இவ அந்தக் கல்லை அழிக்கப்போறா பாருங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எத்தனையோ எபிசோடுகள் ஓடின. ஐசென் ஹோக்யோகுவோடு ஒன்றாகி, உருமாறி, யாராலும் தொட முடியாதவன் ஆகிவிட்டான். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சித்தி, அவ அழிக்கிறேன்னு சொன்னாளே, அது என்ன ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆயிரம் ஆண்டு இரத்தப் போர்' தொடரின் மூன்றாம் பகுதி 2024 டிசம்பரில் முடிந்தது. மிச்சம் இருப்பது இறுதிப் பகுதி மட்டும். அதில் ஒரே ஒரு தடவையாவது ஒரிஹிமே தன் சக்தியை எதிரியை நோக்கி, முழுதாக, தன் விருப்பத்தோடு பயன்படுத்துவதைக் காட்டுங்கள். அவள் தோற்றாலும் பரவாயில்லை. முயன்றாள் என்று இருந்தால் போதும்.

அந்தச் சக்தி என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறு தேவதைகளையும் படைத்தவர் நீங்கள். ஹினாகிகு, பைகோன், லில்லி மூவரும் கேடயம். ஷுன்னோவும் அயாமேயும் சேர்ந்தால் நடந்து முடிந்ததை நடக்காததாக்குவார்கள். ட்சுபாகி வெட்டுவான். மூன்று வகைக்கும் அவள் சொல்லும் சொல் ஒன்றுதான்: "நான் மறுக்கிறேன்." வாளுக்குப் பெயர் வைத்து அழைப்பவர்கள் நிறைந்த கதையில், மறுப்பையே ஆயுதமாக வைத்திருப்பவள் அவள் ஒருத்தி.

அவள் செய்வது காயம் ஆற்றுவது இல்லை என்பதை உங்கள் கதையே அழுத்திச் சொல்கிறது. ஐசெனின் படைவீரன் கிரிம்ஜோவின் கையை அதே படையின் தோசென் வெட்டினான், வெட்டிய கையையும் எரித்துச் சாம்பலாக்கினான். ஒட்டவைக்க எதுவுமே மிஞ்சவில்லை. ஒரிஹிமே கை நீட்டினாள், தோளிலிருந்து விரல்நுனி வரை கை திரும்ப வந்தது. கிரிம்ஜோ முதுகைக் காட்டி இங்கேயும் என்றான், அங்கே அழிந்துபோயிருந்த ஆறு என்ற அவனுடைய படைவரிசை எண்ணும் திரும்ப வந்தது. இது காலத்தைப் பின்னுக்கு ஓட்டுவதும் இல்லை, இடத்தை மீட்பதும் இல்லை, நிகழ்வையே மறுப்பது, கடவுளின் எல்லைக்குள் கால் வைக்கும் சக்தி என்று அப்போது சொன்னது யார்? கதையின் பெரிய அறிவாளிகளில் ஒருவனாக நீங்கள் நிறுத்திவைத்த ஐசென். யாரையும் எளிதில் புகழாத ஒருவன் ஒரு பள்ளி மாணவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

அது வெறும் பேச்சும் இல்லை. கிரிம்ஜோ கொன்றுபோட்ட மெனோலியை ஒரிஹிமே திரும்ப எழுப்பினாள். தன்னை அடித்து உதைத்த பெண் என்று தெரிந்தேதான் எழுப்பினாள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் அவளைப் பார்த்துப் பயந்தார்கள், அரக்கி என்றார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவள் எவ்வளவு பெரியவள் என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்ட இடம் அது.

அப்படிப்பட்டவள் ஹோக்யோகு பக்கம் ஒரு விரலைக்கூட நீட்டவில்லையே, ஏன்?

ரசிகர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். எல்லோரும் முதலில் சொல்வது, அவள் மனசு மென்மையானது, கொல்லும் எண்ணம் அவளிடம் கிடையாது என்பது. ட்சுபாகியைப் பொறுத்தவரை நான் இதை ஒப்புக்கொள்கிறேன். எதிரியை வெட்டியே தீர வேண்டும் என்ற வெறி இருந்தால்தான் ட்சுபாகிக்குக் கூர்மை வரும். தோழி தத்சுகியை நம்ப் சாண்டலியர் என்ற தீய ஆவி ஆட்டிப்படைத்தபோது அந்த வேகம் அவளுக்கு வந்தது, ஒரே வீச்சில் பிளந்தாள். ஆவிகளின் உலகமான சோல் சொசைட்டியில் அது வரவில்லை. ஐசெனின் ஆள் யாமியின் முன்னால் ட்சுபாகி துண்டு துண்டாகிப் போனான். சரி.

ஆனால் ஹோக்யோகு ஒரு பொருள். அதற்கு ட்சுபாகி எதற்கு? அவள் மனதில் நினைத்ததே ஷுன்னோ, அயாமே இருவரின் வேலையைத்தான். யாரையும் கொல்ல வேண்டியதில்லை, யார்மேலும் வெறுப்பு தேவையில்லை. எரிந்துபோன கையை மீட்ட அதே இரண்டு உள்ளங்கைகளை அந்தக் கல்லுக்கு மேல் பிடித்திருந்தால் போதும். அந்த முடிவு அவளுடைய மென்மையிலிருந்து பிறந்ததுதானே. யாருக்கும் காயம் படாமல் ஒரு போரையே நிறுத்தும் வழி அது. கதை முழுவதிலும் அவள் இயல்புக்கு அவ்வளவு பொருத்தமான வேறொரு திட்டத்தை நான் பார்க்கவில்லை. அதனால் மென்மை என்ற பதில் இங்கே நிற்காது.

இன்னொரு பதில், ஐசெனின் ஆன்ம அழுத்தத்துக்கு முன்னால் அவள் சக்தி எடுபடாது என்பது. இருக்கலாம். அப்படியென்றால் அதைக் காட்டுங்கள். இரவில் அவள் தனியாக அந்த அறைக்குப் போகட்டும், கை நீட்டட்டும், பொன்னிற ஒளி விரியட்டும், கல் அசையாமல் கிடக்கட்டும். இரண்டு பக்கம் போதும். அந்தத் தோல்வி அவளுக்குக் கொடுத்திருக்கும் கனத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது தோல்விகூட இல்லை. அவள் எடுத்த முடிவையே கதை மறந்துவிட்டது. கதாநாயகன் இச்சிகோ குரோசாகி மீட்க வருகிறான், அவள் மீட்கப்பட வேண்டியவள் ஆகிவிடுகிறாள், கதை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

எனக்கு மனம் வலிப்பது அந்த மறதியால்தான். ஏனென்றால் அந்தச் சக்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிளிப்புகள் அண்ணன் சோரா வாங்கிக் கொடுத்தவை. சின்னப்பிள்ளை போடுவது மாதிரி இருக்கிறது என்று அவள் சண்டை போட்டாள். எப்போதும் வாசலில் நின்று "போய்ட்டு வாண்ணா" என்று சொல்கிறவள் அன்று சொல்லவில்லை. அன்றைக்கே விபத்து. ரத்தத்தில் நனைந்த அண்ணனைக் குரோசாகி கிளினிக்குக்குக் கொண்டுவந்தாள், அவன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிளிப்புகளை அவள் கழற்றவே இல்லை. சோரா ஹாலோ என்ற தீய ஆவியாக வந்து, கடைசியில் பிரியும்போதுதான் சொல்லாமல் விட்டதைச் சொல்லி அனுப்பிவைக்கிறாள்.

ஒரு காலை நேரத்தை நடக்காததாக்க முடியாதா என்று ஏங்கிய குழந்தை அவள். அந்தக் கிளிப்பிலிருந்தே நிகழ்வை மறுக்கும் சக்தி பிறந்தது. இவ்வளவு அழகாக ஒரு சக்திக்கு வேர் வைத்தவர், அது கிளை விடும் நேரத்தில் திரும்பிப் பார்க்கவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

ஐசெனின் ஆள் உல்கியோராவோடு நடக்கும் சண்டையிலும் இதேதான். நெஞ்சில் துளையோடு இச்சிகோ கிடக்கிறான். பக்கத்தில் நிற்பவள் செத்தவளை எழுப்பியவள். அவள் செய்தது, "காப்பாத்துங்க, குரோசாகி-குன்" என்று அவனிடமே கதறியது. பதறிப்போனவளை நான் குறை சொல்லவில்லை. அவனை நம்பி இருக்கக் கூடாது என்று நினைத்து வந்தவள், கடைசியில் அவனைத்தானே அழைத்தோம் என்று அவளே நொந்துகொள்கிறாள். அந்த நொந்துகொள்ளலுக்கு அடுத்த படி என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன். 2016-ல் மூலக் கதையான மாங்கா (காமிக்ஸ்) 74 தொகுப்புகளோடு முடியும் வரை காத்திருந்தேன்.

மாங்காவின் இறுதிப் போரில் அவள் புது உடையோடு வருகிறாள். இச்சிகோவுக்குக் கூச்சம் வருகிற மாதிரியான உடை, உராஹாரா போடச் சொன்ன உடை. அதற்குப் பக்கம் ஒதுக்க முடிந்திருக்கிறது. ஷோனென் (சிறுவர்களுக்கான) கதைகளில் ஒரு பெண்ணிடம் பெரிய சக்தி இருந்தால், அதை மருந்துப்பெட்டியாக மாற்றி ஆண்களின் சண்டைக்குப் பின்னால் வைத்துவிடும் பழக்கம் இன்று நேற்று வந்தது இல்லை. காயம் பட்டவனுக்கு அருகில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டியபடி எத்தனை பெண்களைப் பார்த்துவிட்டோம்! பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். தலையில் அந்தக் கிளிப்பைக் குத்திக்கொண்டு பார்க்கிறார்கள். "இவ எப்போ சண்டை போடுவா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அக்கா மகள் இப்போது கிளிப் குத்திக்கொண்டு உட்காருவதில்லை.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னிக்கவும். உங்களுக்கு இது கைவராது என்று நான் நினைத்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். உனோஹானாவை எழுதியவர் நீங்கள். நான்காம் பிரிவின் தலைவி, எல்லோருக்கும் மருந்து போடுகிறவள், மென்மையாகப் பேசுகிறவள், அவள்தான் முதல் கென்பாச்சி, அதாவது மிகக் கொடிய வாள்வீரருக்கான பட்டத்தை முதலில் ஏற்றவள் என்று காட்டினீர்கள். காயம் ஆற்றும் கையும் வெட்டும் கையும் ஒரே கையாக இருக்கலாம் என்பதை அவ்வளவு பயங்கரமாக, அவ்வளவு அழகாகச் சொன்ன வேறு ஷோனென் காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ருக்கியாவுக்குப் பான்காய், அதாவது வாளின் உச்ச வடிவம், கொடுத்தீர்கள், அந்த வெண்பனி மௌனம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அனிமே மாங்காவை அப்படியே பின்தொடர வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. மாங்காவில் வேகமாக முடிந்துபோன அரச காவலர் சண்டையை இரண்டாம் பகுதியின் முடிவில் விரித்து, சென்ஜுமாருவின் பான்காயைத் திரைக்குக் கொண்டுவந்தீர்கள். யமமோட்டோவின் இளமைக்காலப் படையைக் காட்டினீர்கள். மாங்காவில் விட்டுப்போனதைச் சேர்க்க அனிமேயில் இடம் இருக்கிறது என்று நிரூபித்தது நீங்கள்தான். அதனால்தான் துணிந்து கேட்கிறேன்.

இறுதிச் சண்டை ஒரிஹிமேக்காகவே போட்ட மேடை மாதிரி இருக்கிறது. இறுதி எதிரி யுவாக் வரப்போவதை மாற்றி எழுதுகிறவன். ஒரிஹிமே நடந்ததை மறுக்கிறவள். இதைவிடச் சரியான எதிரி அவளுக்குக் கிடைக்க மாட்டான். ஆனால் மாங்காவில் அவள் இச்சிகோவுக்குக் கேடயம் பிடிக்கிறாள், கேடயம் உடைகிறது. இச்சிகோவின் உடைந்த வாளைக்கூட, கடந்தகாலத்துக்குள் நுழையும் சக்தி உள்ள த்சுகிஷிமா வந்து அதன் கடந்தகாலத்தில் கை வைத்த பிறகுதான் அவளால் சேர்க்க முடிகிறது. அவளுடைய மறுக்கும் சக்தியும் யுவாக்கின் மாற்றி எழுதும் சக்தியும் நேருக்கு நேர் முட்டும் ஒரு கணம் கதையில் இல்லவே இல்லை.

அந்த ஒரு கணம் வேண்டும். அவன் எழுதியதை அவள் மறுக்கட்டும். ஒரு மூச்சு நேரம் அவன் கண்களில் குழப்பம் தெரியட்டும். ட்சுபாகி இந்த முறை உடையாமல் பறக்கட்டும். அப்புறம் அவன் அவளைத் தூக்கி வீசட்டும், இச்சிகோவே அவனை முடிக்கட்டும், கதையின் முடிவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். இச்சிகோவுக்கும் அவளுக்கும் திருமணம், மகன் கசுயி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இன்னொன்றும் முடிந்தால் செய்யுங்கள். சிறையிலிருந்து வெளியே வந்துவிட்ட ஐசென் இறுதிச் சண்டையில் வரும் இடத்தில், அவனும் ஒரிஹிமேயும் ஒரே சட்டகத்தில் வரும் ஒரு காட்சி. ஹோக்யோகு இப்போதும் அவனுக்குள் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கட்டும். அன்றைக்கு எடுத்த முடிவு அவளுக்கு நினைவிருக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரியட்டும். அவள் குரலாகவே ஆகிவிட்ட யுகி மட்சுவோகா அவர்களுக்கு ஒரு வரி கொடுத்தாலும் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இத்தனை வருடம் இந்தக் கதையை எங்களுக்குத் தந்ததற்கு மனமார்ந்த நன்றி. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரிஹிமே ஒரே ஒருமுறை முயன்று பார்க்கட்டும். தயவுசெய்து விடுங்கள்.

இறுதிப் பகுதி வரும் அன்று அக்கா மகளை வரச்சொல்லியிருக்கிறேன். அந்த நீல கிளிப் இரண்டும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரிஹிமேயின் ரசிகை ஒருத்தி