ரி-55 குழலைப் பிடிச்சு வச்சிருக்கிற பார்சல் கந்தோர் அதிகாரிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். உங்கட கந்தோரின்ர பேரை நான் இதில எழுதேல்ல, ஆனா வாசிக்கேக்க உங்களுக்கே விளங்கும். கிட்டடியில யாழ்ப்பாணத்தில இருந்து வந்து உங்கட கவுண்டருக்கு முன்னால நிண்டு ஒரு பிளாஸ்ரிக் ராங்கி மொடலின்ர அலுமினியக் குழலுக்காக மல்லுக்கட்டின ஆள் நான்தான். பைல் உங்களிட்டக் கிடக்கு, என்ர ஐடென்ரிற்றி கார்ட் கொப்பியும் உங்களிட்டக் கிடக்கு, அதால கதையை அடியில இருந்து சொல்லி உங்கட நேரத்தை வீணாக்காமல் விசயத்துக்கு வாறன்.

அந்தப் படிவத்தில "ஆயுதப் பாகம்" எண்டு எழுதின இடத்தை வெட்டிப்போட்டு "விளையாட்டுச் சாமான், மொடல்" எண்டு எழுதுங்கோ. அதைத் தமிழில எழுதுங்கோ. பேந்து குழலைத் தாங்கோ. குழல் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, எழுத்து முதல் மாறவேணும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், எண்டாலும் மேலிடத்தில இதை வாசிக்கிறவைக்குத் தெரியாமல் இருக்கலாம். ரொறன்ரோவில இருக்கிற மச்சான் எனக்கு ஒரு ரி-55 ராங்கி கிட் அனுப்பினவர், 35ல ஒரு பங்கு அளவு, பிளாஸ்ரிக், ஒட்டிப் பெயின்ற் அடிக்கிறது. அதோட தனியா ஒரு உலோகக் குழலும். கனக்க கிட்டில பிளாஸ்ரிக் குழல் ரண்டு பாதியாத்தான் வரும், ஒட்டினாப் பிறகு நடுவில ஒரு கோடு நிக்கும், சான்ட் பேப்பர் போட்டுப் போட்டு அந்தக் கோட்டை எடுக்கப் போனா உருண்டையா இருக்கவேண்டிய குழல் தட்டையாப் போயிடும், அதுக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்குக்காரர் கடைஞ்செடுத்த அலுமினியக் குழல் தனியா வாங்கிறவை, உலகம் முழுக்கச் செய்யிறது, இதில மர்மம் ஒண்டுமில்லை. மச்சான் நேர்மையான ஆள், பக்கற்றில என்ன அடிச்சிருந்திச்சோ அதையே பார்சல் துண்டிலயும் எழுதி விட்டவர். "ரி-55 உலோகத் துவக்குக் குழல்". அவ்வளவுதான், பெட்டி வேற அறைக்குப் போட்டுது.

குழலின்ர விபரத்தையும் சொல்லிப்போட்டுப் போறன். உண்மையான ரி-55ல இருக்கிறது 100 மில்லிமீற்றர் பீரங்கி, குழல் 5 மீற்றருக்கு மேல நீளம். 35ஆல பிரிச்சா நீளம் 15 சென்ரிமீற்றர் அளவு வரும், துளை 3 மில்லிமீற்றர் கூட வராது. ஒரு பயத்தங்கொட்டை கூட உள்ள போகாது ஐயா. அதுவும் துளை வாய்ப் பக்கம் மட்டும்தான், பின்பக்கம் அடைப்பு. உங்கட அதிகாரி ஒருத்தர் அதை வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பாத்தவர், மற்றப் பக்கம் ஒண்டும் தெரியேல்ல. தெரியாதுதானே, ஓட்டை இல்லையே. பிறகு இன்னொருத்தரைக் கூப்பிட்டவர், அவரும் பாத்தவர், கொஞ்ச நேரத்தில கவுண்டருக்குப் பின்னால ஒரு சின்னக் கூட்டமே கூடி நிண்டு பாத்திச்சினம். அதுவரைக்கும் எனக்கும் பகிடியாத்தான் இருந்திச்சு.

பகிடி முடிஞ்சது அந்தக் கடதாசி வந்தாப் பிறகு.

400 கிலோமீற்றர் அளவு தூரம், இரவு பஸ்ஸில முழங்கால் முட்ட முட்ட இருந்து வந்து, விடியத் தேத்தண்ணியும் குடிக்காமல் ரோக்கன் எடுத்து, மத்தியானம் வரைக்கும் நிண்டு, கடைசியில எனக்கு முன்னால வச்ச கடதாசி முழுக்கச் சிங்களத்தில. என்ர பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் வடிவா எழுதியிருக்கு, அது மட்டும் எனக்கு விளங்கிச்சு, மிச்சம் என்ன எண்டு கேட்டா "சைன் பண்ணுங்கோ, பிரச்சினை இல்லை" எண்டுதான் மறுமொழி. வரிசையில எனக்குப் பின்னால நிண்ட ஒரு அக்கா எட்டிப் பாத்து மெல்லமாச் சொன்னவா, "தம்பி, இதில ஆயுதப் பாகம் ஒண்டு உங்களிட்ட இருந்து எடுத்தது எண்டு கிடக்கு, வைக்காதேங்கோ" எண்டு. அவவின்ர பேர் கூட எனக்குத் தெரியாது, நல்லா இருக்கட்டும்.

நான் வைக்கேல்ல. தமிழில தாங்கோ, வாசிச்சுப்போட்டு வைக்கிறன் எண்டு சொன்னனான். தமிழில இல்லையாம். மொழிபெயர்க்கிற ஆளோட இன்னொரு நாளைக்கு வரட்டாம், அல்லது பாதுகாப்புத் தரப்பிட்ட இருந்து கடிதம் கொண்டு வரட்டாம். பெட்டியைத் தந்தவை, குழலை வச்சுக்கொண்டினம்.

ஐயாமாரே, பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல வந்தது. அதுக்குப் பிறகு எங்கட பக்கத்தில எத்தினை பேர் வாசிக்க விளங்காத கடதாசியில கையெழுத்து வச்சவை, வச்சாப் பிறகு அவைக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. என்ர வயசுக்காரருக்கு ஒரு கவுண்டரில "ஆயுதம்" எண்ட சொல்லும் தன்ர அடையாள அட்டை நம்பரும் ஒரே தாளில கிடக்கிறதைக் கண்டா வயித்துக்குள்ள என்ன செய்யும் எண்டு உங்களுக்கு விளங்குமோ தெரியாது. உங்களுக்கு அது ஒரு படிவம், நிரப்பி பைலில போட்டா அலுவல் முடிஞ்சுது. நான் திரும்பி வந்த பஸ்ஸில கிட்டைத் திறந்து பாக்கவே மனம் வரேல்ல. (பேந்து வீட்டில திறந்து பாத்தன், பித்தளைத் தகட்டுப் பாகங்கள் மடிஞ்சு போய்க் கிடக்கு, டெக்கால் எண்ட ஒட்டுப்படச் சீற்றில ஆற்றையோ விரல் அடையாளம். அதைப் பற்றி நான் முறைப்பாடு செய்யேல்ல, சும்மா சொன்னனான்.)

தமிழும் அரசகரும மொழி எண்டு அரசியலமைப்பில ஏறினது 1987ல, 13ஆம் திருத்தத்தோட. அண்டைக்குப் பிறந்த பிள்ளையளே இண்டைக்குப் பிள்ளை குட்டியோட நிக்குதுகள். ஒரு படிவத்தைத் தமிழில அடிக்க இன்னும் எவ்வளவு காலம் வேணும்?

சரி, சட்டத்துக்கே வருவம். நான் படிச்ச ஆள் இல்லை, ஆனா உங்கட புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சுப் பாத்தனான். உலகம் முழுக்க இறக்குமதிச் சாமானுக்கு ஒரே இலக்க முறைதானே. அதில ஆயுதமும் அதின்ர பாகங்களும் 93ஆம் அத்தியாயம். விளையாட்டுச் சாமான் 95ஆம் அத்தியாயம். அந்த 95க்குள்ள 9503 எண்ட தலைப்பில பொம்மை, புதிர் விளையாட்டு இதுகளோட சேத்து, அளவு குறைச்சுச் செய்த மொடல்களும் எண்டு சொல்லிக் கிடக்கு, ஓடுறதெண்டாலும் ஓடாததெண்டாலும் எண்டும் கிடக்கு. நான் கேக்கிறது புதுச் சட்டம் இல்லை, உங்கட மேசையில ஏற்கெனவே கிடக்கிற இலக்கத்தைத்தான். 93ஐ வெட்டி 95 எண்டு போடுங்கோ. பேனை இல்லாட்டி நான் கொண்டு வாறன்.

இன்னொரு கணக்கும் பாத்தனான், அலுவல் இல்லாத நேரத்தில. ரி-55 36 தொன் பாரம். அதை அப்பிடியே இரும்பாலயே 35ல ஒரு பங்குக்குச் சுருக்கினா, நீளம் அகலம் உயரம் மூண்டும் சுருங்கிறதால 35ஐ மூண்டு தரம் பெருக்கிப் பிரிக்கவேணும், 840 கிராம் அளவுதான் வரும். ஒரு கிலோ வராது. 1990களின்ர தொடக்கத்தில செக்கோஸ்லோவாக்கியாவில இருந்து முழு 36 தொன் ராங்கியள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினது. அண்டைக்கு ஆர் ஆரிட்ட என்ன கடிதம் கேட்டவையோ தெரியாது, பெட்டி பெட்டியா வெட்டிப் பாத்தவையோ தெரியாது, ஆனா அதுகள் ஒரு தடையும் இல்லாமல் வடக்கு மட்டும் வந்து சேந்தது எண்டது மட்டும் எங்களுக்கு நல்லாத் தெரியும்.

இனி ஆனையிறவுக்கு வாங்கோ. ஏ9 றோட்டுக்கரையில 1991 சண்டையில இரும்புத் தகடு அடிச்சுக் கொண்டுவந்த புல்டோசர் நினைவுச் சின்னமா நிக்குது. ஆர் எதுக்கு வச்சது எண்ட கதைக்கு நான் வரேல்ல. பஸ் பஸ்ஸா சனம் வந்து இறங்கி, அதுக்கு முன்னால பிள்ளையளை நிப்பாட்டிப் படம் எடுத்துப்போட்டுப் போகுதுகள். அது வரலாறாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தா றோட்டுக்கரைக் கடையளில பிளாஸ்ரிக் துவக்கு குவிச்சு வச்சு விக்கினம், சிவப்பு லைற் எரியும், டிக் டிக் எண்டு சத்தம் போடும், அதுகள் எந்தக் கவுண்டரால வந்தது எண்டு நான் கேக்கேல்ல. அது விளையாட்டாம். நான் குசினிக்குப் பக்கத்து அறையில ஒரு மேசை லைற்றைப் போட்டுக்கொண்டு மூக்குக் கண்ணாடியோட இருந்து ஒட்டுறது மட்டும் ஆயுதம்.

எதுக்கு உந்த ராங்கி, வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ எண்டும் உங்கட ஆள் ஒருத்தர் கேட்டவர். அண்டைக்கு மறுமொழி சொல்ல வாய் வரேல்ல, இப்ப சொல்லுறன். நாங்கள் இதுகளைக் காதாலதான் முதல் அறிஞ்சனாங்கள். பங்கருக்குள்ள இருந்து சத்தத்தை வச்சே இது பவல், இது சங்கிலி போட்டது எண்டு சொல்லுவம். ஆனா வடிவாப் பாக்க ஒருத்தரும் விட்டதில்லை, பாத்துக்கொண்டு நிக்கிற நிலைமையும் இல்லை. சண்டை முடிஞ்சு கன காலத்துக்குப் பிறகுதான் நான் இதுகளைப் படிக்கத் தொடங்கினனான். பவல் எண்டு எங்கட சனம் சொன்னது தென்னாபிரிக்காவின்ர பஃபெல், ஆமியை ஏத்திற கவச வாகனம், யூனிமொக் லொறியின்ர அடிச்சட்டத்தில கட்டினது. கண்ணிவெடி வெடிச்சா அமுக்கம் ரண்டு பக்கமும் பிரிஞ்சு போகட்டும் எண்டு உடம்பை வி வடிவத்தில செய்திருக்கிறாங்கள், ரயருக்குள்ள தண்ணி விட்டும் ஓடினவங்கள், ஆக்கள் முதுகோட முதுகு முட்ட வெளிப்பக்கம் பாத்து இருப்பினம். அதாலதான் சின்ன வயசில மதிலுக்கு மேலால எங்களுக்குத் தலையள் மட்டும் தெரிஞ்சது! இதைப் படிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்ல. நான் தேடின கடையளில அதுக்குக் கிட் அம்பிடேல்ல, பிளாஸ்ரிக் சீற்றில வெட்டித்தான் செய்யிறன்.

சலாடின், சரசன், பெரற் எண்ட கவச வாகனங்கள் எல்லாம் அதுக்கு முந்தி வெள்ளைக்காரன்ர செய்கை. சலாடினும் சரசனும் ஒரே குடும்பம், ரண்டுக்கும் ஆறு சில்லு, ஒண்டுக்கு எஞ்சின் பின்னுக்கு, ஆக்களை ஏத்திற சரசனுக்கு முன்னுக்கு, பின்கதவால இறங்கவேணுமே. என்ர பெரியப்பா கொழும்பில வேலை செய்த காலத்தில வாங்கின டிங்கி கம்பனியின்ர விளையாட்டுச் சரசன் ஒண்டு இண்டைக்கும் என்ர அலுமாரியில நிக்குது, முழுக்க உலோகம், தயவுசெய்து அதுக்கும் படிவம் அனுப்பாதேங்கோ.

ஜெர்மன்காரன்ர ரைகர் எண்ட ராங்கி, அதில 1,347தான் செய்தவங்கள், அமெரிக்கன்ர ஷெர்மன் ராங்கி 49,000க்கு மேல, ஆனா கிட் கடையில பாத்தா ரைகர்தான் அடுக்கி வச்சிருப்பாங்கள், எல்லாருக்கும் அதில ஒரு மோகம். நான் அதை மட்டும் எடுக்கிறதில்லை. பெட்டியில கொட்டை எழுத்தில பேர் கிடக்கும். அதோட உங்கட கவுண்டருக்கு முன்னால வந்து நிண்டா என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

35ல ஒரு பங்கு எண்ட இந்த அளவு எப்பிடி வந்தது தெரியுமோ? 1960களின்ர தொடக்கத்தில ஜப்பானில சிசுவோக்காவில தமியா கம்பனி பன்தர் ராங்கி மொடல் செய்யேக்க, உள்ளுக்கு மோட்டரும் பற்றறியும் வைக்க இடம் வேணும் எண்டு உடம்பின்ர அளவை எடுத்தது, பிறகு கணக்குப் பாத்தா 35ல ஒண்டு வந்துது, உலகமே அதைப் பிடிச்சுக்கொண்டுது. பற்றறிக்காகப் பிறந்த அளவு. எங்களுக்கு 90களில பொருளாதாரத் தடையில பற்றறியே தடைசெய்த சாமான், றேடியோ கேக்கச் சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோ சுத்தினனாங்கள். அண்டைக்கு ரோர்ச் பற்றறி ஆயுதம், இண்டைக்கு அலுமினியக் குழல் ஆயுதம். நாளைக்குப் பெயின்ற் தூரிகையும் ஆகலாம், நான் ஆச்சரியப்படமாட்டன்.

சரி, கோவத்தில கதை எங்கயோ போட்டுது, குறை நினையாதேங்கோ. உங்களுக்கும் வேலை கூட, போதைப்பொருள் அது இது எண்டு பிடிக்கவேண்டியதுகள் கனக்க இருக்கு எண்டு எனக்குத் தெரியும், பெட்டியைத் திறந்து பாக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. வடிவாத் திறந்து பாருங்கோ. பாத்தாப் பிறகு பாத்ததை எழுதுங்கோ, மொடல் எண்டா மொடல் எண்டு.

ஆனபடியால் தாழ்மையாக் கேக்கிறது: என்ர பேரோட கிடக்கிற அந்தத் தாளில "ஆயுதப் பாகம்" எண்டதை வெட்டி, 9503 எண்டு போட்டு, தமிழில ஒரு பிரதியைத் தபாலில அனுப்புங்கோ. குழலையும் அதே கவருக்குள்ள போடலாம், முத்திரைக் காசை நான் கட்டுறன். இல்லை, இது ஆயுதம்தான் எண்டு நீங்கள் நிக்கிறதெண்டா, எந்தச் சட்டத்தில எந்த இலக்கத்தின் கீழ எண்டு அதையும் தமிழில எழுதி, பொறுப்பான அதிகாரியின்ர கையெழுத்தோட அனுப்புங்கோ. நானும் வாசிச்சுப்போட்டு மறுமொழி எழுதுறன்.

நன்றி.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில இருந்து, குழல் இல்லாத ரி-55ஓட ஒரு மொடல்காரன்

பி.கு: மச்சான் அடுத்ததா ஒரு சலாடின் அனுப்பப் போறார். அதின்ர பீரங்கி 76 மில்லிமீற்றர், 35ஆல பிரிச்சா 2 மில்லிமீற்றர் சொச்சம். முன்கூட்டியே அறியத் தாறன்.