எண்ணெய் பூசி மறைப்பது எங்கள் வேலை அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கறுப்புக் காரின் பானெட், அதன் மேல் தெருவிளக்கு வெளிச்சம், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். "பாலிஷ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எண்ணெய் பூசி ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதி, எங்கள் கார் பாலிஷ் கடையின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை விட்டுச் சென்றவர்கள் உங்களில் பலர். அந்த நம்பிக்கைக்கு முதலில் நன்றி.

விலை அதிகம் என்றோ, தாமதம் என்றோ சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். ஏமாற்று என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எண்ணெய்ப் பசையுள்ள பூச்சைத் தடவி, கீறலின் பள்ளத்தை நிரப்பிப் பளபளப்புக் காட்டும் வேலை இந்தத் தொழிலில் உண்டு. நான்கைந்து முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் அது கரைந்து, கீறல் மறுபடி தெரியும். நாங்கள் அதைச் செய்வதில்லை. வண்டியைக் கழுவி, கார் பெயின்ட்டுக்கென்றே உள்ள களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டுத்தூசியை எடுத்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு கையால் தேய்க்கிறோம். வட்டமாக அல்ல, நெடுக்கிலும் குறுக்கிலும் நேர்க்கோடாக, விரல்களின் அழுத்தம் ஒரே சீராக இருக்கும்படி. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற படலம், கீறலின் அடிமட்டம் வரை இறங்கினால்தான் கீறல் உண்மையில் போகும். தேய்த்து முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறோம். பாலிஷில் உள்ள எண்ணெய் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் அது எடுத்துவிடும். அதன் பிறகுதான் உங்கள் கையில் டார்ச்சைக் கொடுக்கிறோம். படத்தில் உள்ள வண்டியின் உரிமையாளரும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கிக்கொண்டார்.

பிறகு எப்படிக் கீறல் வந்தது? வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். பானெட்டிலும் கதவுகளிலும் கீறல்கள் இருந்தன. கூரையின் நடுப்பகுதி மட்டும் நாங்கள் கொடுத்தபடியே இருந்தது. மழையும் வெயிலும் அதிகம் படுவது கூரையில்தான். எண்ணெய் பூசியிருந்தால் முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். துடைப்பவரின் கை எட்டாத இடமும் அதுதான். தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து, வரிசையாகப் பத்து வண்டிகளைத் துடைப்பது நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வழக்கம். அந்தத் துணியில் இருப்பது மணல். கிளியர் கோட்டைவிடக் கடினமானது. துடைப்பவர் மேல் பழி போடவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதையெல்லாம் அந்த உரிமையாளரிடம் நேரிலேயே காட்டினோம். படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மெஷின் வைத்து விரைவாகச் செய்யலாமே என்றும் சிலர் கேட்கிறீர்கள். பழகிய கையில் அது நல்ல கருவிதான். ஆனால் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அவசரத்தில் மெஷின் ஓரங்களில் சூடேற்றித் தேய்த்துவிட்டால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. கையால் செய்யும்போது குறைவாகத்தான் எடுக்க முடியும். அதுவே எங்களுக்குப் பாதுகாப்பு. நகத்தால் வருடும்போது தட்டுப்படுகிற ஆழமான கீறலைக் கையால் எடுக்க முடியாது என்பதை வண்டியை உங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும்போதே சொல்லிவிடுகிறோம்.

உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். தூசு இருந்தால் இருக்கட்டும். உலர்ந்த துணியால் தட்டவோ துடைக்கவோ வேண்டாம் என்று வாட்ச்மேனிடமும் வண்டி துடைப்பவரிடமும் சொல்லிவையுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டுப் பிறகு துணி படட்டும். துணியை அலச வேறொரு வாளி இருக்கட்டும். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் வீடுகளில் கவலையில்லை. போர்வெல் தண்ணீர் என்றால் வெயிலில் கழுவாதீர்கள். உப்புக் கறை காய்ந்து பிடித்துக்கொண்டால் அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். எத்தனை முறை தேய்த்தாலும் தாங்குகிற அளவுக்கு அந்தப் படலம் தடிமன் இல்லை.

அப்பாவின் காரில் தொடங்கி மகளின் காரையும் இங்கேயே அனுப்பும் குடும்பங்கள், பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருபவர்கள், வேலை முடியும்வரை பட்டறையில் உட்கார்ந்து எங்கள் பையன்களுக்கும் சேர்த்து டீ சொல்பவர்கள் என்று உங்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவில் இருக்கிறது. ஒரு படத்தை வைத்து எங்களை எடைபோடாத உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பாலிஷ், துணி விலைகள் ஏறியிருப்பதாலும் அனுபவமுள்ள ஒருவர் ஊருக்குப் போய்விட்டதாலும் அடுத்த மாதம் முதல் கட்டணத்தில் மாற்றம் இருக்கும். வண்டியும் ஒரு நாள் கூடுதலாக எங்களிடம் நிற்கும். புதிய கட்டணம் கடைப் பலகையில் உள்ளது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய கட்டணமே.

எங்களிடம் பாலிஷ் செய்த வண்டியைப் பற்றி யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் எந்த வேலைநாளிலும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே ஆல்கஹாலால் துடைத்துக் காட்டுகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்