விஞ்ஞானிகளுக்கு மதிப்பெண் போடும் குழுவினருக்கு, வியாசர்பாடியிலிருந்து

வணக்கம்.

தொற்றுநோய் ஆய்வாளர்களுக்குப் பதவி உயர்வும் விருதும் பரிந்துரைப்பவர்கள் நீங்கள். நான் இங்கே ஒரு சின்ன லேப்பில் டெக்னீஷியன். தெரிந்த ஆய்வு மாணவி ஒருத்தி விண்ணப்பப் படிவம் ஒன்றைக் காட்டினாள். கட்டுரை எத்தனை, மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் அவற்றைக் குறிப்பிட்ட மேற்கோள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் எவ்வளவு (20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 20, அவ்வளவுதான் கணக்கு), இம்பாக்ட் ஃபேக்டர் (அந்த இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்) எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போகிறது. ஆய்வுக்கான சளி, ரத்த மாதிரியை யாரிடம் எடுத்தீர்கள், முடிவை அவர்களிடம் போய்ச் சொன்னீர்களா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

மாதிரி கொடுப்பவர்கள் நாங்கள். காசநோயோ டெங்குவோ கொரோனாவோ, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் ஆட்கள் தவறாமல் வந்துவிடுகிறார்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் நின்றபடியே, "காலையில எழுந்ததும் பல் தேய்க்கறதுக்கு முன்னாடி நல்லா இருமி எடுங்கம்மா, எச்சில் வேணாம், சளிதான் வேணும்" என்று சொல்லி மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்த டப்பா என்ன ஆனது, அதிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல ஒருத்தரும் படியேறி வந்து நான் பார்த்ததில்லை.

மேற்கோள் எண்ணிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொல்கத்தாவின் சம்பு நாத் டே, காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரந்துதான் குடலைப் பாழாக்குகிறது என்று 1959-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார். நம் நாட்டு அறிவியல் கழகம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் 1985-ல் இறந்த பிறகு, மேற்கோள் கணக்கையே தொழிலாக்கிய யூஜீன் கார்ஃபீல்டுதான் அந்த ஆய்வின் தாக்கத்தைத் தேடிப்பிடித்து எழுதினார். ஆக அந்தக் கணக்குக்கும் பயன் உண்டு. ஆனால் தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதாகச் சந்தேகத்தைக் கிளப்பி 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்து, 2010-ல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கும் மேற்கோள் குவிந்திருக்கிறது. பெரும்பாலும் திட்டித்தான். எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

சேத்துப்பட்டில் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956-ல் சிகிச்சை ஆய்வு மையமாகத் தொடங்கியது. சென்னையின் ஏழைக் காசநோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு, அனுப்பினார்கள், அங்கே ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் எல்லாம் உண்டு. மறுபாதி நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டது. வருஷ முடிவில் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இது வெளியானதும் நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் வழக்கமே உலகம் முழுக்க ஆட்டங்கண்டது. இன்று டிபி என்றால் வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிடுவது, அதற்காக யாரும் அந்தக் கட்டுரையைத் தேடி மேற்கோள் காட்டுவதில்லை. இத்தனை பெரிய வெற்றி உங்கள் கட்டத்தில் எங்கே விழும்?

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அறுபது வருஷத்துக்கும் மேலாகியும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு முழுசாக வந்து சேரவில்லை. டிபி என்று தெரிந்தால் இன்றும் தட்டைத் தனியாக வைக்கிறார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வும் அப்படித்தான். நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவுப் பொருள் கொடுத்தால், கூட இருப்பவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. லான்செட் குழும இதழில் வந்தது, சரி. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அக்காவுக்கு அது யார் வழியாக வரும்?

படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். மாதிரி எடுத்த பகுதியில் முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்களா, கூட்டம் போட்டுச் சொன்னார்களா, "பலன் எதுவும் இல்லை" என்ற முடிவையும் சொன்னார்களா என்று கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள். சும்மா எழுதிவிட்டுப் போகாமல் இருக்க, அந்தத் தமிழ்ப் பக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். இடம் வேண்டுமென்றால் எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகத்தான் கிடக்கும், சாவி வாங்கித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
வியாசர்பாடி லேப் டெக்னீஷியன்